பெண்குயிலைப் பற்றி இன்னொரு முறை கேட்கட்டும்

பறவை பார்ப்பவர்களின் வட்டத்தில் சில ஆண்டுகளாக ஒரு கருத்து வேர்விட்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை நடையிலும், நடை முடிந்து டீக்கடையில் நிற்கும்போதும் அதைக் கேட்கிறேன். ‘இது என்ன பறவை?’ என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தால் உருப்படியான வேலை எதுவும் நடக்காது. ஒரு கேள்விக்கு நாலு பேர் நாலு ஊகம் சொல்வதும், ஒருவரையொருவர் சீண்டிச் சிரிப்பதும், பேச்சு எங்கெங்கோ போவதும் வெறும் அரட்டை. பெயர்தான் வேண்டுமென்றால் செயலி இருக்கிறது, கையேடு இருக்கிறது. குழு என்பது கணக்கெடுப்புக்கும் அரிய வரவுகளைப் பதிவு செய்வதற்கும்தான். சொல்பவர்கள் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், பறவைகள்மேல் உண்மையான அக்கறை கொண்டவர்கள். புதிதாக வந்தவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேள்வியை விழுங்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை மறுத்தாக வேண்டும்.

அவர்களை மிகவும் சலிப்படையச் செய்யும் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். கோடை தொடங்கியதும் யாராவது ஒருவர் செல்பேசியை நீட்டுவார். வேப்பமரத்திலோ பப்பாளியிலோ எடுத்த படம். பழுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், வாலில் பட்டை பட்டையாகக் கோடுகள், சிவந்த கண். ‘அபூர்வமான பறவைபோல இருக்கிறது சார், பாருங்களேன்.’ அது பெண்குயில். ஊரில் எல்லாருக்கும் குயிலின் குரல் தெரியும். குயிலைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களும் கரிய ஆணைத்தான் பார்த்திருப்பார்கள். அதனால் ஆண்டுதோறும் இந்தப் படம் வந்துகொண்டே இருக்கிறது. அனுபவசாலி ஒருவர் ‘பெண்குயில்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார். கேட்டவர் நன்றி சொல்லி நகர்ந்துவிடுவார்.

அரட்டைக்கு இடம் இருந்தால் அங்கே வேறொன்று நடக்கும். ‘அப்படியானால் விடிகாலையில் கூவுவது எது?’ என்று அவரே கேட்பார். ஆண் என்று ஒருவர் சொல்ல, பெண்ணின் குரல் எப்படி இருக்கும் என்று இன்னொருவர் கேட்க, ‘கிக் கிக் கிக்’ என்று யாராவது செய்து காட்டுவார். அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம், குயில் என்று தெரியாமல் போயிற்றே என்று இரண்டு பேர் வியப்பார்கள். காக்கையின் கூட்டில் எப்படி முட்டையிடுகிறது, காக்கை சும்மாவா இருக்கும் என்ற கேள்வி வரும். ஆண் காக்கைகளை வம்புக்கிழுத்துத் தன்னைத் துரத்தவைக்கும், அந்த நேரத்தில் பெண் கூட்டுக்குள் புகுந்துவிடும் என்று தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்த ஓர் அக்கா சொல்வார். கூட வந்த சிறுமி, ‘காக்கைக் குஞ்சுகள் என்ன ஆகும்?’ என்பாள். இது லேசான கேள்வி அல்ல. ஐரோப்பியக் குயிலின் குஞ்சு, கண் திறக்காத நிலையிலேயே, வளர்ப்புப் பெற்றோரின் முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகில் ஏற்றி வெளியே தள்ளிவிடும். அம்மைத் தடுப்பூசியால் பின்னாளில் பெயர்பெற்ற எட்வர்ட் ஜென்னர்தான் 1788-இல் இதைப் பார்த்து எழுதினார். நம் ஊர்க் குயிலின் குஞ்சுக்கு அது வழக்கமில்லை. காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்து வளர்வதும் உண்டு. இதைக் கேட்ட பிறகு அந்தச் சிறுமி தன் தெருவில் இருக்கும் காக்கைக் கூட்டை நிமிர்ந்து பார்க்காமல் கடக்கமாட்டாள். தொடக்கத்தில் கேட்டவரும்தான்.

பெயர் மட்டும் போதும் என்றிருந்தால் இந்தப் பேச்சு மிகைதான். பறவையை அறிவது என்றால் பெயரை அறிவது என்று யார் சொன்னது? கரையில் நிற்கும் அந்த மெலிந்த பறவை பச்சைக்காலியா, இன்னோர் உள்ளானா என்று கேட்பவருக்கு, பெயரைவிட, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதுதான் தேவை. அலகு ஊசிபோல நேராக இருக்கிறதா, கொஞ்சம் தடித்து மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்று கவனிக்கச் சொல்கிறோம். அவர் மறுபடியும் பைனாகுலரைத் தூக்குகிறார். இப்போது அவர் பார்ப்பது முன்பு பார்த்த பறவையே அல்ல. முன்பு கண்ணில் பட்டது ஒரு சாம்பல் உருவம். இப்போது அதற்கு அலகு இருக்கிறது, கால் இருக்கிறது, சேற்றில் நடக்கும் ஒரு விதம் இருக்கிறது. கேள்வியும் பதிலும் சேர்ந்து அவருக்குப் பார்வையைக் கொடுத்திருக்கின்றன. கையேட்டை ஏழு முறை புரட்டினாலும் இது வராது. பக்கத்தில் ஒருவர் நின்று, ‘காலைப் பாருங்கள்… இல்லை, இப்போது திரும்புகிறது, இப்போது பாருங்கள்’ என்று சொல்ல வேண்டும்.

செயலி இருக்கிறதே என்பவர்களுக்கு வருகிறேன். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி 2014-இல் வந்தது. குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் வசதி 2021-இல் முதலில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வந்தது. இப்போது நம் பறவைகள் பலவற்றுக்கும் உண்டு. அற்புதமான கருவி. நானும் வைத்திருக்கிறேன், புதியவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன். ஆனால் அந்தச் செயலிக்கு அறிவு எங்கிருந்து வந்தது? உலகம் முழுவதும் பறவை பார்ப்பவர்கள் எடுத்த படங்களும் பதிவு செய்த குரல்களும் ஆய்வகத்தின் ஆவணத்தில் சேர்ந்தன. இந்தக் குரல் இந்தப் பறவையுடையது என்று மனிதர்கள் ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து இயந்திரம் கற்றது. அந்த மனிதர்கள் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் எங்கோ ஒரு கரையில் நின்று ‘இது என்ன?’ என்று யாரையோ கேட்டவர்கள்தான். அரட்டையில் விளைந்ததை எடுத்துக்கொண்டு, இனி அரட்டை வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லை.

தவிர, செயலி தவறும்போது தவறிவிட்டேன் என்று சொல்லாது. துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும். காட்டுப் பாதையில் நின்று செயலியைத் திறந்தால், அங்கே இல்லாத பறவையின் பெயரை அது நம்பிக்கையோடு காட்டக்கூடும். புதியவர் அதைப் பட்டியலில் எழுதிக்கொள்வார். அவருக்கு அது ஒரு லைஃபர், வாழ்நாளில் முதன்முறையாகக் கிடைத்த இனம். பக்கத்தில் ஒருவர் இருந்து, ‘கொஞ்சம் பொறுங்கள், ஒரே கிளையிலிருந்து நாலு பறவைகளின் குரல் வருகிறதே, அது எப்படி?’ என்று கேட்டால்தான் கரிச்சானின் வித்தை வெளிப்படும். அப்படித் திருப்பிக் கேட்கும் பழக்கம் பேச்சில்தான் பிறக்கிறது.

இந்தியப் பறவையியலின் வரலாற்றையே சற்றுப் பாருங்கள். 1908 வாக்கில் பம்பாயில் ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் கறை. இதுவரை பார்த்த குருவி மாதிரி இல்லையே என்று மாமாவிடம் கேட்டான். மாமாவுக்கும் தெரியவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். கழகத்தின் செயலர் டபிள்யூ. எஸ். மில்லர்ட் மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று ஒரு சொல்லில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவருக்கு வேலைகள் இல்லாமலில்லை. அவர் அந்தச் சிறுவனை உள்ளே அழைத்துப்போய், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளின் இழுப்பறைகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார், படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் சாலிம் அலி. 1941-இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் பல தலைமுறைகள் இந்த வழிக்கு வந்தன. அன்று கழகத்தில் யாராவது, ‘கையேட்டைப் பார்த்துக்கொள், இங்கே ஆய்வு நடக்கிறது’ என்று சொல்லியிருந்தால்?

இன்னும் பின்னால் போகலாம். இங்கிலாந்தின் செல்போர்ன் என்ற சிற்றூரில் பாதிரியாராக இருந்த கில்பர்ட் வைட், பறவைகளில் ஆர்வமிருந்த இரண்டு நண்பர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கடிதங்கள் எழுதினார். கேள்விகள், பதில்கள், ஊகங்கள், அத்தை வீட்டு ஆமையைப் பற்றிய செய்திகள். உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும் கதிர்க்குருவிகள் மூன்று தனி இனங்கள் என்று பாட்டை வைத்து அவர் பிரித்தது 1768-இல் எழுதிய அப்படியொரு கடிதத்தில்தான். அதே கடிதங்களில், தகைவிலான்கள் குளிர்காலத்தில் வேறு நாடு போகின்றனவா, இங்கேயே எங்காவது ஒளிந்து உறங்குகின்றனவா என்று அவர் திரும்பத் திரும்பக் குழம்பியதும் இருக்கிறது. அந்தக் குழப்பத்தை மறைக்காமல் 1789-இல் புத்தகமாக வெளியிட்டார். இரண்டு நூற்றாண்டு கடந்தும் அதைப் படிக்கிறோம். சரியான பதில்களை மட்டும் வடிகட்டி வைத்திருந்தால் அந்தப் புத்தகமே இருந்திருக்காது. நம் நாட்டில் பம்பாய்க் கழகம் 1886-இல் தொடங்கிய ஆய்விதழிலும், பெரிய கட்டுரைகளுக்குப் பின்னால் பல்சுவைக் குறிப்புகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஆர்வலர்கள் எழுதியனுப்பிய சின்னச் சின்ன விஷயங்கள் அங்கே வெளிவந்தன. அதைக் கீழான பகுதி என்று யாரும் வெட்டி எறியவில்லை.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, பதில் சொல்லி அலுத்துவிட்டோம் என்பது மூத்தவர்களின் குறை. அந்த அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சென்ற ஆண்டு அதே கேள்வியைக் கேட்டவர் பக்கத்தில் நிற்கிறார், அவர் சொல்லட்டும். அவர்தான் நன்றாகச் சொல்வார். முப்பது ஆண்டு பறவை பார்த்தவருக்கு நெட்டைக்காலி சட்டென்று தெரிந்துவிடும். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். போன வருடம்தான் கற்றுக்கொண்டவருக்கு எந்த இடத்தில் கண் ஏமாறும் என்பது இன்னும் நினைவில் இருக்கிறது. தரையில் கொத்தித் திரியும் கொண்டலாத்தியைப் பார்த்து, ‘மரங்கொத்தி ஏன் தரையில் கொத்துகிறது?’ என்று கேட்காத புதியவர் அரிது. அதற்கு, ‘நானும் அப்படித்தான் நினைத்தேன், அலகைப் பாருங்கள், மெலிந்து கீழே வளைந்திருக்கிறது, மரத்தை இதனால் எப்படி உடைக்கும்?’ என்று இன்னொரு புதியவர் சொல்லும்போது, சொல்பவர், கேட்பவர் இருவருக்கும் கொண்டலாத்தி மறக்காது. சொல்பவருக்கு அதற்கு மேலும் ஒன்று கிடைக்கிறது. தானும் இந்தக் கூட்டத்தில் ஒருவர், தன்னிடமும் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று அவர் உணர்கிறார். அந்த உணர்வு வந்தவர் குழுவை விட்டுப் போவதில்லை.

சிரிப்பும் சீண்டலும் எதற்கு என்கிறார்கள். வாய்க்கால் ஓரத்தில் பழுப்பாக, மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருந்த மடையான், ஆள் நெருங்கியதும் வெள்ளை வெளேரென்று பறக்கும். ‘உட்கார்ந்தது ஒரு பறவை, பறந்தது வேறு பறவையா?’ என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரிப்பார்கள். கேட்டவரும் சேர்ந்து சிரிப்பார். சிறகு மடங்கியிருக்கும்போது வெள்ளை மறைந்துவிடுகிறது என்று யாராவது விளக்குவார். இந்தச் சிரிப்பு இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் துணிந்து தவறான பதிலைச் சொல்வார்கள். துணிந்து சொன்னால்தான் தவறு வெளியே வந்து திருத்தப்படும். முகத்தை இறுக்கி வைத்திருக்கும் கூட்டத்தில் தவறுகள் குறைவதில்லை, வாய்க்குள்ளேயே தங்கிவிடுகின்றன. முதலில் வாயடைத்துப்போகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஆங்கிலப் பெயர்கள் தெரியாதவர்கள், பிள்ளைகள், சமையலை முடித்துவிட்டு அந்த ஒரு காலைப்பொழுதை எப்படியோ ஒதுக்கி வந்திருக்கும் பெண்கள். இவர்களை இழந்த குழு எவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்தாலும் ஏழைக் குழுதான்.

ஊர்க்காரர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஜெர்டான்ஸ் கோர்சர் என்ற பறவையை 1900-க்குப் பிறகு யாரும் பார்த்ததாகப் பதிவு இல்லை. அழிந்தே போனதென்று கருதியிருந்தார்கள். 1986-இல் ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் அது மீண்டும் கிடைத்தது. பம்பாய்க் கழகத்தின் ஆய்வாளர்கள் அங்கிருந்த மக்களிடம் படத்தைக் காட்டி, இப்படியொரு பறவை உண்டா என்று கேட்டுக்கொண்டே அலைந்தார்கள். கலிவிக் கோடி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள் அந்த மக்கள். பறவை பிடிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார். உட்கார்ந்து கதை பேசத் தெரியாதவர்களுக்கு அந்தப் பதில் கிடைத்திருக்காது.

அரட்டை பொய்களைப் பரப்புகிறது என்று ஒரு வாதம் உண்டு. சிட்டுக்குருவிகள் அழிந்துகொண்டிருக்கின்றன, செல்பேசிக் கோபுரங்கள்தான் காரணம் என்ற செய்தியை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். உண்மைதான், அது காட்டுத்தீயாகப் பரவியது. ஆனால் அது கேள்வி-பதிலாகப் பரவவில்லை. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் அப்படியே அனுப்ப, யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் பரவியது. அதைத் திருத்தியது எது? ‘உங்கள் தெருவில் குருவி இருக்கிறதா? எத்தனை?’ என்று கேட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துச் சொன்ன பதில்கள். அந்தப் பதிவுகளைத் தொகுத்து 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பெருநகரங்களில் குருவிகள் குறைந்திருந்தாலும், நாடு முழுவதுமாகப் பார்த்தால் 25 ஆண்டுகளாக அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்று காட்டியது. கோபுரங்களைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசியது. அதற்கு அடிப்படை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் கொடுத்த 3 கோடிப் பதிவுகள். இந்த 30,000 பேரும் பல்கலைக்கழகத்தில் பறவையியல் படித்துவிட்டு வந்தவர்களா? வங்கியிலும் பள்ளியிலும் கடையிலும் வேலை பார்ப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள். அரிய பறவையைப் பார்த்ததாக ஒருவர் இ-பேர்ட் தளத்தில் பதிந்தால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான தன்னார்வலர் அவரைக் கேட்பார்: குரல் கேட்டீர்களா, காலின் நிறம் என்ன, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? கணக்கெடுப்பின் நம்பகத்தன்மையைக் காப்பதும் கேள்விதான். கரையில் பேசிப் பழகியவருக்கு அந்தக் கேள்வி உறுத்தாது. பேசாமலே பட்டியல் சேர்த்தவருக்கு அது அவமானமாகப் படும்.

இதையெல்லாம் சொல்வதால், அறிவியலுக்கு உதவுவதால்தான் அரட்டைக்கு அனுமதி என்று நான் ஒப்புக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பயன் தருவது எதுவோ அதற்கு மட்டுமே இடம் என்று சொல்லத் தொடங்கினால், பறவை பார்ப்பதற்கே இடமில்லாமல் போகும். அலுவலகத்தில் ஆறு நாள் கணக்குக் காட்டிவிட்டு வருகிறவரிடம், ஏழாவது நாள் ஏரிக்கரையிலும் எத்தனை இனம், எத்தனை பதிவு என்று கணக்குக் கேட்கிறோம். அவர் வந்தது கூழைக்கடாவைப் பார்க்க. கூழைக்கடாவைப் பற்றி யாரிடமாவது பேச. மனிதர்கள் தாங்கள் ரசித்ததை இன்னொருவரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் ரசனையே வற்றிவிடும். எந்த அறிக்கைக்கும் உதவாமல், காலை முழுக்க, செம்போத்து காக்கை இனமா குயில் இனமா என்று வாதாடிக்கொண்டே நடந்தவர்கள் அந்தக் காலையை வீணடித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. (குயில் இனம்தான், ஆனால் தானே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் குயில் இனம். அந்த வாதத்துக்கு அதுவே போதும்.)

அக்டோபர், நவம்பரில் ஆறுமணிக்குருவிகள் வடக்கிலிருந்து வலசை வரும். இரவெல்லாம் பறந்து களைத்தவற்றில் சில, வீட்டுக் கொல்லையிலும் சில நேரம் கூடத்துக்குள்ளேயும் வந்து விழும். ‘கலர் கலராக ஒரு குருவி வந்திருக்கிறது, வாலே இல்லை, நாய் பிடித்துவிடும்போல, என்ன செய்ய?’ என்று பதற்றத்தோடு யாராவது கேட்பார்கள். இதுவும் ஆண்டுதோறும் வரும் அதே கேள்விதான். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாகச் சற்று நேரம் ஓய்வெடுக்க விடுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விடுங்கள் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். ‘இந்தக் குழு இதற்கல்ல’ என்று பதில் போனால் அந்தப் பறவைக்கும் கெடுதல், அந்த வீட்டுக்கும் கெடுதல். அந்த வீட்டில் இனி யாரும் பறவையைப் பற்றி யாரையும் கேட்கமாட்டார்கள்.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்றை முழு மனத்தோடு ஏற்கிறேன். பேச்சுவாக்கில் கூடு இருக்கும் இடம் வெளியே வந்துவிடுகிறது. மறுநாளே பெரிய லென்சுகளோடு ஆட்கள் கூடிவிடுகிறார்கள். படத்துக்கு இலை மறைக்கிறது என்று கிளையை ஒடிக்கிறார்கள். வெயிலில் முட்டையை விட்டுத் தாய்ப்பறவை விலகி நிற்கிறது. ஆந்தை பகலில் அடையும் மரத்தைச் சொன்னாலும் இதே கதி. இதற்கு மருந்து பேச்சை நிறுத்துவது அல்ல. எந்தப் பறவை, ஏன் அந்த நிறம், எங்கிருந்து வந்தது, என்ன தின்கிறது என்று எத்தனை முறை கேட்டாலும் சொல்லுவோம். கூடு எங்கே என்று கேட்டால் மட்டும், கேட்பவர் எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும், சொல்ல மாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, ஏன் என்றும் அங்கேயே விளக்குவோம்.